உப்புக்காற்றில் பழைய கார்: இனங்காணலும் மீட்டெடுத்தலும்

பழைய கார் ஒன்றை மீட்டெடுப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அது எந்தக் கார், எந்த ஆண்டில் எங்கே உருவானது, அதன் பாகங்களில் எவை அசல் என்று இனங்காண்பது முதல் வேலை. சிதைந்ததைச் சீர்செய்து ஓடவைப்பது இரண்டாவது. ஆர்வத்தால் இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். துருவைச் சுரண்டும் வேகத்தில் வண்டியின் பிறப்புச் சான்றுகளும் சுரண்டப்பட்டுவிடுகின்றன. கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற கடலோர ஊர்களில் இந்த வேலை வரிசை இன்னும் முக்கியம். அங்கே உப்பும் ஈரமும் தகட்டைத் தின்னும்போது அதில் பொறித்த எண்களையும் சேர்த்தே தின்கின்றன.

எது வின்டேஜ்?

பேச்சில் எந்தப் பழைய காரையும் வின்டேஜ் என்று சொல்லிவிடுவது உண்டு. ஆர்வலர்களின் வகைப்பாடு கறாரானது. 1966-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பழம்வாகனக் கூட்டமைப்பான ஃபீவா, 1904 முடிய வந்தவற்றை மூதாதை வண்டிகள் என்றும், 1905 முதல் 1918 வரையிலானவற்றை வெட்டரன் என்றும், 1919 முதல் 1930 வரையிலானவற்றை வின்டேஜ் என்றும், 1931 முதல் 1945 வரையிலானவற்றைப் பின்-வின்டேஜ் என்றும் பிரிக்கிறது. அதற்குப் பின் வந்தவை போருக்குப் பிந்தைய வகைகள். இந்தியச் சட்டத்தின் அளவுகோல் வேறு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் எல்லாமே வின்டேஜ்தான். ஆகவே 1970-இல் பதிவான அம்பாசிடர் ஆர்வலர்களுக்குப் போருக்குப் பிந்தைய வகை; சட்டத்துக்கு வின்டேஜ்.

பதிவெண் சொல்வதும் சொல்லாததும்

காரைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது பதிவெண். கொச்சியில் அதைப் படிக்க உள்ளூர் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். விடுதலைக்கு முன் மட்டாஞ்சேரி கொச்சி மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. அதை ஒட்டியே இருக்கும் ஃபோர்ட் கொச்சி, பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெற்கே போனால் திருவிதாங்கூர் எல்லை. சில மைல்களுக்குள் மூன்று நிர்வாகங்கள் இருந்ததால், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நின்ற கார்கள்கூட வெவ்வேறு அரசுகளின் ஏடுகளில் பதிவாகியிருக்கலாம். 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவானபோது மலபாரும் அதோடு ஃபோர்ட் கொச்சியும் சேர்ந்தன. அதன்பின் எர்ணாகுளம் வண்டிகள் கே.எல்.இ. என்ற எழுத்துகளைத் தாங்கின. 1989-இன் புதிய விதிகளுக்குப் பிறகு அது கே.எல். 7 ஆனது. இன்று மட்டாஞ்சேரிக்கே கே.எல். 43 என்ற தனிக் குறியீடு இருக்கிறது.

ஆகவே பதிவெண் காட்டுவது வண்டி எப்போது, எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதை மட்டுமே. வேறு மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவு ஆன காருக்குத் தயாரிப்பு ஆண்டைவிட 20 ஆண்டு பிந்திய எண் இருக்கக்கூடும். ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய தயாரிப்பு ஆண்டும் சில நேரம் பதிவு ஆண்டின் நகலாகவே இருக்கும். தாள் சொல்வதை இரும்பு சொல்வதோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

இங்கே வந்த கார்கள்

இந்தியாவில் ஓடிய பழைய கார்களில் கணிசமானவை பெட்டிகளில் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. ஃபோர்டு 1926-இல் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கித் துறைமுக நகரங்களில் கார்களைப் பூட்டியது. மதராஸும் அவற்றில் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயின் சிவ்ரியில் ஆலை திறந்தது. பிரிட்டிஷ் பேரரசின் சந்தைகளுக்கான ஃபோர்டுகள் கனடா ஆலையிலிருந்து வந்ததால், அமெரிக்கப் பெயர் தாங்கிய கார் வலப்பக்க ஸ்டியரிங்கோடு இருப்பதில் வியப்பில்லை.

1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944-இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும், 1948-இல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸும் தொடங்கப்பட்டன. பாகங்களை உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டமில்லாத நிறுவனங்கள் விலக வேண்டும் என்ற கொள்கை 1953-இல் வந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. இனங்காண்பவருக்கு இது நல்ல எல்லைக்கோடு. அதற்கு முந்தைய கார் ஏறக்குறைய எந்த நாட்டுத் தயாரிப்பாகவும் இருக்கலாம். பிந்தையது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

மூன்றையும் தோற்றத்திலேயே பிரித்தறியலாம். ஹிந்துஸ்தானின் லேண்ட்மாஸ்டர் 1954-இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசையிலிருந்து பிறந்தது. அதன் அடுத்த வாரிசான அம்பாசிடர் மூன்றாம் வரிசையிலிருந்து 1950களின் இறுதியில் வந்தது. முகப்பு விளக்குகளின் மேல் புருவம் போன்ற மறைப்பும், பின் மட்கார்டில் சிறு துடுப்பும் இருந்தால் அம்பாசிடர். 1963-இல் வந்த மார்க் 2-இல் முன் கிரில் நெருக்கமான கட்டங்களாக மாறியது. பிரீமியரின் ஃபியட் 1100-இல் கதவைப் பார்த்தால் போதும். 1950களின் மாடல்களில் முன்கதவு நடுத்தூணில் கீல் வைத்துப் பின்னோக்கித் திறக்கும். 1964-இன் டிலைட்டில் கீல் முன்பக்கம் போய்விட்டது. அதே கார் 1970களில் பிரசிடென்ட் என்றும் பத்மினி என்றும் பெயர் மாறியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும்.

எண்களும் தேதிகளும்

இன்றைய 17 எழுத்து அடையாள எண் அமெரிக்காவில் 1981-இல்தான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. ஆகவே முதலில் எண் எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் ரிவெட் அடித்த சிறு பலகை, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டு மேடை, சேஸிஸ் சட்டத்தின் மேல்பக்கம் ஆகிய மூன்றும் வழக்கமான இடங்கள்.

1928 முதல் 1931 வரை 48 லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபோர்டு மாடல் ஏ நல்ல பாடம். அதில் எஞ்சின் எண்ணே சேஸிஸ் எண்ணும். பிளாக்கின் இடப்பக்க மேடையில் பொறித்த அதே எண் சட்டத்தின் இடப்பக்கத்திலும் இருக்கும். ஆனால் உடல்கூட்டைத் தூக்கினால் தவிர அது தெரியாது. எண்கள் இரண்டும் ஒத்துப்போனால் எஞ்சின் பிறவியிலேயே வந்தது. ஒத்துப்போகாவிட்டால் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். எண் இல்லாமலும் இந்தக் காரின் காலத்தை நெருங்கலாம். 1928, 1929-இல் 21 அங்குலச் சக்கரமும் நிக்கல் முலாம் பூசிய ரேடியேட்டர் ஓடும் இருந்தன. 1930, 1931-இல் சக்கரம் 19 அங்குலமானது. ஓடு துருப்பிடிக்காத எஃகானது.

வார்ப்புப் பாகங்களிலும் தேதி ஒளிந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்புகளில் ஆங்கில அகரவரிசையின் முதல் 12 எழுத்துகள் மாதத்தையும், அடுத்த எண் நாளையும், கடைசி இலக்கம் ஆண்டையும் குறிக்கும். ஆண்டுக்கு ஒரே இலக்கம் இருந்தால் அது எந்தப் பத்தாண்டு என்பதை வேறு சான்றுகளால் தீர்க்க வேண்டும். லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இட்ட புள்ளிகள் ஆண்டையும் காலாண்டையும் காட்டும்.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தினால் வண்டியின் கதை வெளிப்படும். ஏழெட்டுப் பாகங்கள் ஒரே ஆண்டின் சில மாதங்களுக்குள் அடங்கினால் அதுவே தயாரிப்புக் காலம். கார் முழுமையாவது அதன் பாகங்களுக்குப் பிறகுதான் என்பதால் கடைசி அசல் பாகத்தின் தேதிக்கு முன் வண்டி பிறந்திருக்க முடியாது. கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்ட கார்களில் பாகங்களுக்கும் பதிவுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பது இயல்பு.

மரை, மின்சாரம், முலாம்

எண் தேய்ந்துபோன காரில் போல்ட்டின் மரை பேசும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 பாகை. கால் அங்குல நுண்மரை போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 26 மரை இருந்தால் அது பழைய பிரிட்டிஷ் முறை. 28 இருந்தால் அமெரிக்க முறை, அல்லது 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒப்புக்கொண்ட பொது முறை. கடையில் கிடைக்கும் மரை அளவி ஒன்றால் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மோரிஸ் இந்த விதியில் ஒரு புதிர். அதன் எஞ்சின் ஆலை முதலில் பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ்ஸுக்குச் சொந்தமானது. அங்கிருந்த எந்திரங்கள் மெட்ரிக் மரையே வெட்டின. பிரிட்டிஷ் மெக்கானிக்குகளின் ஸ்பேனருக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் அளவில் செய்யப்பட்டது. ஹிந்துஸ்தான் 10-க்கு மூலமான மோரிஸ் டென் எஞ்சினிலும் இதே கலப்புதான். தலையின் அளவை நம்பி வேறு போல்ட்டை முறுக்கினால் பிளாக்கின் மரை சிதைந்துவிடும்.

மின்சார அமைப்பும் தடயம் தரும். 6 வோல்ட் பேட்டரி பழமையின் அடையாளம். பேட்டரியின் நேர்முனையை உடலோடு இணைப்பது 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களின் வழக்கம். இது தெரியாமல் நவீன ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டயோடுகள் கருகிவிடும்.

முலாமின் நிறத்தையும் கவனிக்கலாம். குரோம் முலாம் கார்களில் பரவியது 1920களின் இறுதியில். அதற்கு முன் நிக்கல்தான். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். குரோமில் நீலம் ஓடும். 1922-ஆம் ஆண்டுக் கார் என்று சொல்லி நீலப் பளபளப்புள்ள விளக்குகளைக் காட்டினால், முலாம் பிற்காலத்தது அல்லது விளக்கே வேறு. மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகள் போன்ற இடங்களில் பித்தளை விளக்கோ ஹாரனோ வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை உதவும். புதிதாக வார்த்துப் பழசாக்கிய பித்தளையில் அச்சு ஓரங்கள் மழுங்கியிருக்கும். திருகுகள் மெட்ரிக்காக இருக்கும்.

பெயின்டின் அடுக்குகள் மற்றொரு ஏடு. கண்ணில் படாத மூலையில் நுண்ணிய உப்புத்தாளால் சிறு வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரியும். தகட்டை ஒட்டிய பிரைமருக்கு மேலே உள்ள முதல் வண்ணமே பெரும்பாலும் ஆலை வண்ணம். 1920களில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் தின்னரில் கரைந்து பஞ்சில் ஒட்டும். நன்கு உலர்ந்த எனாமல் அப்படிக் கரையாது. பழைய பூச்சுகளில் ஈயம் இருப்பதால் தேய்க்கும்போது நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும்.

அழிந்த எண் திரும்பும் விதம்

துரு தின்றோ யாரோ அரம் போட்டோ எண் மறைந்திருந்தாலும் அது முழுமையாக அழிந்துவிடுவதில்லை. பொறி அச்சை ஓங்கி அடிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகப் படிகங்களும் நசுங்குகின்றன. நோட்டுப் புத்தகத்தில் அழுத்தி எழுதியது அடுத்த பக்கத்திலும் பதிவதைப் போன்றது இது. மேற்பரப்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதி மற்ற பகுதியைவிட வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு எண்ணின் நிழல் தெரியும். தடயவியல் ஆய்வகங்கள் திருட்டு வாகனங்களில் இதே முறையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆர்வலர் தானே இதைச் செய்வது நல்லதல்ல. அமிலம் ஆபத்தானது, சேஸிஸ் எண்ணில் கைவைத்ததாகச் சட்டச் சிக்கலும் வரலாம். செய்யக்கூடியது ஒன்று உண்டு: எண் இருக்கும் இடத்தில் கம்பித் தூரிகையையோ கிரைண்டரையோ படவிடாமல் வைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்த துணியால் துடைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படமெடுப்பது.

கொச்சியில் துரு ஏன் வேகமாகப் பரவுகிறது?

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. தகட்டில் நிற்கும் ஒரு நீர்த்துளியின் விளிம்பில் ஆக்சிஜன் மிகுதி, நடுவில் குறைவு. நடுப்பகுதி நேர்மின்வாயாகி இரும்பு கரைகிறது, விளிம்பு எதிர்மின்வாயாகிறது. இரண்டுக்கும் இடையில் துரு வளையம் படிகிறது. நீரில் உப்பு இருந்தால் மின்னோட்டம் எளிதாகி வேகம் கூடுகிறது.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மட்டாஞ்சேரியை ஒட்டி ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளி அரபிக்கடல். காற்றில் வரும் கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. முன்னது சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். பின்னதற்கு 33 விழுக்காடே போதும். கொச்சிக் காற்று அந்த அளவுக்குக் கீழே காய்வது அரிது. உப்புப் படிந்த தகடு வெயில் நாளிலும், கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும்போதும், நுண்ணளவில் நனைந்தே இருக்கிறது. கோவையிலோ மதுரையிலோ 30 ஆண்டு கொட்டகையில் கிடந்த காரும் இங்கே அதே காலம் கிடந்த காரும் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு கனஅளவு. இரண்டு தகடுகள் மடித்து வெல்டான இடங்களில் துரு வளரும்போது தகடுகளையே பிளந்துவிடும். கதவின் அடி, மட்கார்டின் உள்விளிம்பு, டிக்கி தரை, படிக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பெயின்டில் சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். பட்டி தடவி மறைத்த இடங்களைக் காந்தத்தால் கண்டறியலாம். தடித்த பட்டியின் மேல் காந்தம் ஒட்டாது. லேண்ட் ரோவரைப் போல அலுமினியத் தகடும் எஃகுச் சட்டமும் சேரும் வண்டிகளில், உப்பு நீர் நடுவே புகுந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும்.

துரு நீக்கலும் உப்பு நீக்கலும்

துருவை நீக்குவதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய முறைகள் மூன்று. முதலாவது, கரும்பாலைக் கழிவான மொலாசஸை ஒன்பது பங்கு நீரில் கலந்து பாகத்தை ஊறவைப்பது. அதிலுள்ள கரிமச் சேர்மங்கள் இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு துருவைக் கரைக்கும். வாரக்கணக்கில் ஆகும், ஆனால் நல்ல இரும்பை அதிகம் தொடாது. இரண்டாவது மின்பகுப்பு. வாஷிங் சோடா கரைசலில் பாகத்தைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதோடும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டோடும் இணைக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். இரும்புத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வரைப் போட்டால் நச்சான குரோமியச் சேர்மம் உண்டாகும். மூன்றாவது, கழற்ற முடியாத பெரிய பாகங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ தடவுவது. முன்னது துருவை இரும்பு பாஸ்பேட்டாக்கும். பின்னது, கடுக்காயில் இருப்பதைப் போன்ற துவர்ப்புப் பொருள், துருவைக் கருநீல இரும்பு டானேட்டாக மாற்றும்.

உள்நாட்டு ஊர்களில் இத்தோடு பிரைமர் அடித்துவிடலாம். கடலோரத்தில் இன்னொரு படி தேவை. துருக்குழிகளின் அடியில் குளோரைடு ஒளிந்திருக்கும். அதை நீக்காமல் பெயின்ட் அடித்தால் அது பூச்சுக்கு அடியில் நீரை இழுத்துச் சில மாதங்களில் கொப்புளமாகக் கிளம்பும். நல்ல நீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவுவதே வழி. மட்டாஞ்சேரிக் கிணறுகளின் நீர் உவர்ப்பானது. குழாய் நீரிலும் குளோரைடு உண்டு. அதனால் கடைசிக் கழுவல் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும். கழுவி வடிந்த அந்த நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால் குளோரைடு மிச்சமிருப்பது வெண்மைக் கலங்கலாகத் தெரியும். பள்ளி ஆய்வகச் சோதனைதான் இது. கலங்கல் தெரியாமல் போகும்வரை கழுவி, சூடாக்கி உலர்த்தி, அதே நாளில் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துவிட வேண்டும்.

உடல் வேலை

உடல் வேலையில் இறங்குமுன் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். மாடல் ஏ, ஹெரால்டு போன்றவற்றில் தனிச் சட்டத்தின் மேல் உடல்கூடு போல்ட்டால் உட்கார்ந்திருக்கும். உடலைக் கழற்றிவிட்டுச் சட்டத்தைத் தனியே சீராக்கலாம். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் உடலே சட்டம். அவற்றில் படிக்கு அடியிலுள்ள பெட்டியை வெட்டுமுன் உள்ளே குறுக்குத் தாங்கிகள் வைத்து வெல்டு செய்யாவிட்டால் உடல் வளைந்து கதவுகள் பொருந்தாமல் போகும்.

டிங்கரிங் வேலையில் சுத்தியலும் டாலியும் கொண்டு நெளிவை எடுத்து, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே கனத் தகட்டை ஒட்டுவது சிறந்த முறை. முழு மட்கார்டையே மாற்றுவது எளிது. ஆனால் அசல் தகடு போய்விடும். கிடைக்காத தகடுகளைக் கையால் அடித்தே செய்யும் திறமை தெற்காசியாவில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மோரிஸ் மைனர் மையம் தனக்கு வேண்டிய உடல் தகடுகளை இலங்கையில் செய்து வாங்கியது இதற்குச் சான்று. பழைய உடல்களுக்குள் மரச்சட்டமும் இருக்கும். கரையான் தின்றதை மாற்றும்போது பழைய துண்டை எறியாமல் அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் இந்த வேலைகளுக்கு ஒரு நெறியைத் தருகிறது: பழைய பொருளை இயன்றவரை காப்பது, புதிதாகச் சேர்ப்பது பின்னர் நீக்கக்கூடியதாக இருப்பது, செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைப்பது. நடைமுறையில் இதன் பொருள், கழற்றுமுன் படமெடுப்பதும், ஒவ்வொரு போல்ட் தொகுதிக்கும் சீட்டு எழுதிய தனிப் பையும்தான்.

எஞ்சினும் எரிபொருளும்

பல ஆண்டு நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் சுழற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி சிலிண்டர்களில் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டு, கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். வலிந்து சுழற்றினால் துருவேறிய ரிங்குகள் சிலிண்டரைக் கீறிவிடும். மாடல் ஏ காலத்து எஞ்சின்களில் பேரிங் தனித் துண்டாக இருக்காது. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி அங்கேயே ஊற்றிக் கடைந்திருப்பார்கள். கப்பல் எஞ்சின்களிலும் இந்த உலோகம் பயன்படுவதால் துறைமுக நகரப் பட்டறைகளில் இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடலாம். பிஸ்டன், வார்ப்பு வேலைகளுக்குக் கோவையின் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும், பழைய உதிரிப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையும் கைகொடுக்கும். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. நனைத்துத் துடைத்து எடுக்க வேண்டும்.

மாடல் ஏ-யின் அழுத்த விகிதம் 4.22 மட்டுமே. இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அதற்குத் தேவைக்கு மேல். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. இந்தியாவில் 2000-இல் ஈயம் நீக்கப்பட்டது. 1950, 60களின் எஞ்சின்களை நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு இருக்கை குழிந்து போகலாம். எஞ்சின் தலையைக் கழற்றும்போது கடினப்படுத்திய வளையம் பொருத்துவது தீர்வு.

எத்தனாலின் விளைவு இன்னும் பரவலானது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் தக்கைகளையும் உப்பவைக்கும். டேங்கில் சேர்ந்த பழைய கசடைக் கரைத்து ஜெட்டுகளை அடைக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கி அரிக்கும். கொச்சியின் காற்றில் இது விரைவாக நடக்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவதும், ஒரு மாதத்துக்கு மேல் ஓடாத வண்டியின் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வைப்பதும் பாதுகாப்பு.

சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்த திருத்தம் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவை ஏற்படுத்தியது. பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீடும், இறக்குமதி வண்டியானால் சுங்க நுழைவுச் சீட்டும், ஏற்கெனவே பதிவானதென்றால் பழைய ஆர்.சி.யும் தேவை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். செல்லுபடி 10 ஆண்டு. மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பழைய எண்ணை வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். வாடகைக்கு விடக் கூடாது.

இந்த விதியின் மையம் அசல் தன்மை. சேஸிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டி வின்டேஜ் தகுதியைப் பெறாது. வசதிக்காக அம்பாசிடரில் வேறு நிறுவனத்தின் டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இனங்காணும் கட்டத்தில் எடுத்த படங்களும் பாகத் தேதிப் பட்டியலும் அதிகாரிகளின் ஆய்வின்போது முதல் ஆவணமாக உதவும்.

மீட்டபின் காத்தல்

மீட்டெடுத்த காரைப் பிளாஸ்டிக் உறையால் போர்த்துவது கடலோரத்தில் கெடுதல். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காற்றுப் புகும் பருத்தி உறையும், தரையிலிருந்து ஈரம் ஏறாத சிமென்ட் தளமும், முடிந்தால் ஈரநீக்கியும் நல்லது. கதவு, சட்டம் ஆகியவற்றின் வடிகால் துளைகளை ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் குத்திவிட்டு, உட்குழிகளில் மெழுகெண்ணெய் தெளிக்க வேண்டும். கிளைகால் வகை பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். இங்கே ஆண்டுதோறும் மாற்றுவதே முறை. கடற்கரைச் சாலையில் ஓடிய பிறகு அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவ வேண்டும். எஞ்சினை ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி அணைப்பது தீங்கு. எரிதலில் உண்டான நீராவி சைலன்சரிலும் எண்ணெயிலும் குளிர்ந்து தங்கும். மாதம் ஒரு முறையேனும் வண்டி முழுச் சூட்டை எட்டும்வரை, அரைமணி நேரம் சாலையில் ஓட்டினால் அந்த ஈரம் வெளியேறிவிடும்.